கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா: பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம்... எல்லை தாண்டிப் போய் மீனவர்கள் என்ன வேண்டுகிறார்கள்?

ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் காட்சி மாறிவிடும். வழக்கமாக வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் விசைப்படகுகளில் அன்றைக்கு வலை இருக்காது. அதற்குப் பதிலாக பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள் இருப்பார்கள். எல்லோர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட். கையில் சாப்பாட்டுப் பை, மெழுகுவர்த்தி, ஜெபமாலை.

அவர்கள் போகும் இடம் கச்சத்தீவு. வேறு நாளில் அதே படகு அதே திசையில் போய் எல்லையைத் தாண்டினால், இலங்கைக் கடற்படை பிடிக்கும். படகு பறிமுதல் ஆகும், ஆட்கள் சிறைக்குப் போவார்கள். ஆனால் திருவிழா அன்றைக்கு அதே கடற்படைதான் கரையில் நின்று வரவேற்கும். குடிக்கத் தண்ணீரும் கொடுக்கும்.

ஒரு கோவில் திருவிழாவுக்கு மட்டும் இந்த வழி எப்படித் திறக்கிறது? அந்தோணியார் மீது மீனவர்களுக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை? அந்தத் திருவிழாவையே சில வருஷங்களில் அவர்கள் வேண்டாம் என்று சொன்னது ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கச்சத்தீவு எங்கே இருக்கிறது?

ராமேஸ்வரத்துக்கும் இலங்கையின் நெடுந்தீவுக்கும் நடுவே, பாக் நீரிணைக் கடலில் இருக்கும் சின்னத் தீவு. பரப்பளவு சுமார் 285 ஏக்கர். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 12 கடல் மைல்.

தீவில் யாரும் குடியிருக்கவில்லை. காரணம் எளிமையானது: குடிக்கத் தண்ணீர் கிடையாது. புதரும் மணலும் பவளப்பாறையும்தான். அங்கே மக்கள் கூடும் ஒரே இடம் புனித அந்தோணியார் ஆலயம்.

ஆள் இல்லாத தீவில் எதற்குக் கோவில்? அங்கே வாழ்வதற்காக யாரும் அதைக் கட்டவில்லை. கடலுக்கு வந்தவர்கள் இறங்கி இளைப்பாறும் இடமாகத்தான் அந்தத் தீவு இருந்தது. வலை காயப்போடுவது, சோறு பொங்குவது, காற்று அடங்கும்வரை காத்திருப்பது எல்லாம் அங்கேதான். தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் வருவார்கள், யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் வருவார்கள். அப்படிக் கூடிய இடத்தில் வந்ததுதான் கோவில்.

கோவிலைக் கட்டியது யார்?

பரவலாகச் சொல்லப்படும் வரலாறு இதுதான். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்தில் உள்ள நம்புதாளையைச் சேர்ந்தவர் சீனிக்குப்பன் படையாட்சி. கடல் தொழில் செய்தவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்தான் அங்கே அந்தோணியாருக்குச் சின்னதாக ஒரு கோவில் கட்டினார் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. தீவு எங்களுடையது என்று ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானம் உரிமை கொண்டாடி வந்தது. 'எந்த நாட்டுக் கோவில்' என்ற கேள்வியே மீனவர்கள் மத்தியில் எழவில்லை.

இப்போது ஆலய நிர்வாகம் இலங்கையின் யாழ்ப்பாணம் மறைமாவட்டத்திடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் பக்தர்களுக்கான ஏற்பாட்டை ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கு கவனிக்கிறது. அது சிவகங்கை மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது. பழைய சின்னக் கோவிலின் அருகே இலங்கைக் கடற்படை புதிய ஆலயம் ஒன்றைக் கட்டியது. அது 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது.

யார் இந்த அந்தோணியார்?

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அந்தோணியார் கோவில் இருக்கும். ஆனால் அவர் கதை பலருக்கும் முழுசாகத் தெரியாது.

1195-ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். சொந்தப் பெயர் பெர்னாந்து. துறவியான பிறகு, 1220-ல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து அந்தோணி என்ற பெயரை எடுத்துக்கொண்டார். மொராக்கோவுக்குப் போய் இறைப்பணி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. போனார். போன இடத்தில் கடுமையான காய்ச்சல். வேறு வழியில்லாமல் ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறினார்.

அப்போது கடலில் புயல். போர்ச்சுகல் போக வேண்டிய கப்பலைக் காற்று இத்தாலியின் சிசிலித் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை பெரும்பாலும் இத்தாலியிலும் பிரான்சிலும்தான். போதகராகப் பெயர் எடுத்ததும் அங்கேதான். 1231 ஜூன் 13 அன்று பதுவா நகருக்கு அருகே காலமானார். வயது 36 கூட ஆகியிருக்காது. அடுத்த வருஷமே கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இரண்டு மரபுக் கதைகள் அவரைப் பற்றி ரொம்பப் பிரபலம். ஒன்று, ரிமினி என்ற கடலோர ஊரில் மக்கள் அவர் பேச்சைக் கேட்க மறுத்தபோது, கரையில் நின்று மீன்களிடம் பேசினார், மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டன என்பது. இன்னொன்று, அவருடைய சங்கீதப் புத்தகம் திருடு போனது, அவர் வேண்டிக்கொண்டதும் எடுத்தவரே திருப்பிக் கொடுத்தார் என்பது. இந்த இரண்டாவது கதையிலிருந்துதான் 'தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புனிதர்' என்ற பெயர் அவருக்கு வந்தது.

புயலில் கப்பல் திசைமாறியவர், மீனோடு பேசியவர், தொலைந்ததை மீட்டுத் தருபவர். கடலோர மக்கள் அவரைத் தங்கள் வீட்டு ஆளாகவே நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

கடலுக்குப் போகும் வீட்டில் நம்பிக்கை எப்படி இருக்கும்?

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் போனால் நம்பிக்கையைக் கண்ணாலேயே பார்க்கலாம். படகின் முகப்பில் சிலுவை வரைந்திருக்கும். மாதா பெயரோ புனிதர் பெயரோ எழுதியிருக்கும். புதுப் படகு இறக்கும்போது பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிப்பார்கள். மந்திரிப்பது என்றால் ஏதோ மாந்திரீகம் என்று நினைக்க வேண்டாம். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பதைத்தான் கத்தோலிக்கர்கள் அப்படிச் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் நவநாள். அவர் அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதால் அந்த நாள் அவருக்குரிய நாளானது. வேண்டுதல் நிறைவேறினால் ரொட்டி கொடுப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், உப்பும் மிளகும் காணிக்கை வைப்பார்கள். இந்துக்களும் வருவார்கள். கச்சத்தீவுக்குப் போகும் கூட்டத்திலும் இந்துக் குடும்பங்கள் இருக்கும். கடலுக்குப் போன ஆள் திரும்பி வர வேண்டும் என்ற கவலை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

அந்தக் கவலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராமேஸ்வரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகலாம். மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாடு, ஆட்கூலி என்று கிளம்பும்போதே ஆயிரக்கணக்கில் செலவு. பாடு விழுமா விழாதா என்பது யாருக்கும் தெரியாது. காற்று மாறலாம், என்ஜின் நிற்கலாம், ரோந்துப் படகு வரலாம். விடியற்காலை படகு கரைக்கு வரும்வரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது.

இந்த இடத்தில் 'அந்தோணியார் பார்த்துக்குவார்' என்று சொல்வது சோம்பேறித்தனம் இல்லை. அப்படிச் சொல்கிறவர்தான் என்ஜினை இரண்டு தடவை சரிபார்க்கிறார், ஜிபிஎஸ் கருவியைப் பார்க்கிறார், வானிலை அறிவிப்பைக் கேட்கிறார். மனுஷனால் முடிந்ததை எல்லாம் செய்து முடித்த பிறகும் கடலில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் அவர் கடவுளிடம் விடுகிறார்.

கிறிஸ்தவத்துக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. இயேசுவின் முதல் சீடர்களான பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நான்கு பேருமே கலிலேயா ஏரியில் மீன் பிடித்தவர்கள். இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத கதையும், படகில் தண்ணீர் ஏறும்போது சீடர்கள் பயந்து அலறும் கதையும் நற்செய்தி நூல்களில் வருகின்றன. சர்ச்சில் அதை வாசிக்கும்போது மற்றவர்களுக்கு அது பழைய கதை. மீனவக் குடும்பத்துக்கு அது போன வாரம் நடந்த விஷயம்.

புனிதரிடம் வேண்டுவதும் கடவுளிடம் வேண்டுவதும் ஒன்றா?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. கத்தோலிக்கப் போதனைப்படி, புனிதர்கள் கடவுள் அல்ல. வரம் கொடுப்பவர் கடவுள் மட்டுமே. புனிதர் செய்வது பரிந்துரை. அதாவது, 'எங்களுக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரு நண்பரிடம் கேட்பது மாதிரி. புனிதருக்குச் செய்வது வணக்கம், கடவுளுக்குச் செய்வதுதான் ஆராதனை என்று திருச்சபை பிரித்துச் சொல்கிறது.

சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே போன்ற புராட்டஸ்டன்ட் சபைகள் இதை ஏற்பதில்லை. நேரடியாகக் கடவுளிடமே ஜெபிக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஒரே ஊரில் இரண்டு வகைக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் கச்சத்தீவுத் திருவிழா எல்லாக் கிறிஸ்தவர்களின் பொதுவான பண்டிகை அல்ல. அது கத்தோலிக்க மரபு சார்ந்த விழா.

ஜூன் மாத விழா ஏன் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கிறது?

உலகம் முழுக்க அந்தோணியார் திருநாள் ஜூன் 13. ஆனால் கச்சத்தீவில் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோதான் விழா. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். குழந்தை குட்டிகளோடு கடலில் போகும் காலம் அது அல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்து, அடுத்த காற்று தொடங்கும் முன் இருக்கும் இந்த மாதங்களில்தான் பாக் நீரிணைக் கடல் கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

இந்த மாதங்களில்தான் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் வரும். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் நோன்புக் காலம் அது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருஷமும் கச்சத்தீவு விழா தவக்காலத்துக்குள்தான் வந்தது. அதனால்தான் கொடியேற்றம், தேர்ப்பவனி என்ற கொண்டாட்டத்தோடு சிலுவைப்பாதையும் சேர்ந்து நடக்கிறது. இயேசு சிலுவை சுமந்து போன நிகழ்வுகளை 14 நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் நின்று செபிப்பதுதான் சிலுவைப்பாதை. தீவின் மணலில் மக்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

பாஸ்போர்ட், விசா ஏன் தேவையில்லை?

இதற்கான பதில் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த வருஷம் ஜூன் மாதம் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாக் நீரிணைப் பகுதியில் கடல் எல்லையை வரையறுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு கடல் மைல் தள்ளிப் போனது. தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்தது. அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி இதை எதிர்த்தார். தமிழ்நாட்டில் அந்த எதிர்ப்பு இன்றுவரை தொடர்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம்:

• பிரிவு 5: இந்திய மீனவர்களும் பக்தர்களும் இதுவரை போல கச்சத்தீவுக்கு வந்து போகலாம். அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது.

• பிரிவு 6: இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடற்பரப்பில் பாரம்பரியமாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும்.

படித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைகளுக்கான இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அதையொட்டி இரு நாட்டு அதிகாரிகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர்கள் அடுத்த நாட்டுக் கடற்பரப்பில் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. கச்சத்தீவைச் சுற்றி மீன்பிடிக்கும் உரிமை பற்றிய வாதம் அங்கேதான் சிக்கிக்கொண்டது. வலை காயப்போடுவதையும் ஓய்வெடுப்பதையும் தாண்டி மீன்பிடி உரிமை கிடையாது என்பது ஒரு தரப்பு. பாரம்பரிய உரிமை பறிபோகவில்லை என்பது தமிழ்நாட்டுத் தரப்பு.

சட்ட வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில் என்ன மிச்சம்? இன்றைக்கு ராமேஸ்வரம் மீனவர் அந்தத் தீவில் வலை காயப்போட முடியாது. சுற்றியுள்ள கடலில் மீன் பிடித்தால் கைது. அவர் அங்கே போய்க் காலை வைக்க முடிகிற ஒரே காரணம் திருவிழா. தாத்தா காலத்தில் தொழிலும் சாப்பாடும் சாமி கும்பிடுவதும் சேர்ந்து இருந்த இடத்தில், பேரனுக்கு மிஞ்சியது சாமி கும்பிடுவது மட்டும்தான்.

எப்படிப் போகிறார்கள்? அங்கே என்ன நடக்கும்?

விசா இல்லை என்றாலும், நினைத்தவுடன் கிளம்பிப் போய்விட முடியாது. நடைமுறை இப்படி இருக்கும்:

• யாழ்ப்பாணம் மறைமாவட்டத்திலிருந்து அழைப்பு வரும். வேர்க்கோடு பங்கில் பெயர் பதிவு தொடங்கும்.

• அடையாள அட்டை நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை சரிபார்க்கும்.

• பக்தர்களை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகளையும் நாட்டுப்படகுகளையும் அதிகாரிகள் ஆய்வு செய்வார்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

• துறைமுகத்தில் சுங்கத்துறையும் காவல்துறையும் பைகளைச் சோதிப்பார்கள். எல்லைவரை இந்தியக் கடலோரக் காவல்படை பாதுகாப்பு. அதற்கு அப்பால் இலங்கைக் கடற்படை.

வெள்ளிக்கிழமை பகலில் படகுகள் போய்ச் சேரும். மாலையில் கொடியேற்றம். அதைத் தொடர்ந்து செபமாலை, சிலுவைப்பாதை, திருப்பலி. இருட்டிய பிறகு அந்தோணியார் சொரூபம் வைத்த தேர்ப்பவனி. ராத்திரி மணலிலேயே படுக்கை. சனிக்கிழமை காலையில் தமிழிலும் சிங்களத்திலும் திருவிழாத் திருப்பலி. அது முடிந்ததும் கொடி இறங்கும், படகுகள் திரும்பும். மொத்தத்தில் ஒரு நாள்கூட முழுசாக இல்லை.

அந்த நேரத்துக்குள் வேறொன்றும் நடக்கும். சொந்தங்கள் சந்திப்பார்கள். ராமநாதபுரம் கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே கொடுக்கல் வாங்கலும் கல்யாண உறவும் பழைய காலத்திலிருந்தே உண்டு. போரில் பிரிந்தவர்கள், அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், அங்கே திரும்பிப் போனவர்கள் என்று பலருக்கும் விசா இல்லாமல் முகம் பார்க்கக் கிடைக்கும் இடம் இது.

திருவிழா நின்றுபோன வருஷங்கள் உண்டா?

உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் தீவிரமானதும் கடல் போர்க்களமானது. திருவிழா பல வருஷம் முடங்கியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு மெல்லத் தொடங்கி, 2009-ல் போர் முடிந்த பின்தான் பெரிய கூட்டம் மறுபடி கூடியது. கொரோனா காலத்தில் 2021-ல் இந்தியப் பக்தர்கள் போகவில்லை. 2022-ல் மிகக் குறைந்த பேருக்கே அனுமதி.

ஆனால் இவை எல்லாம் வெளியிலிருந்து வந்த தடைகள். இரண்டு முறை தமிழ்நாட்டு மீனவர்களே போக மறுத்தார்கள்.

2017 மார்ச்சில், திருவிழாவுக்குச் சில நாள் முன்னால், தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படைதான் சுட்டது என்று உடன் சென்ற மீனவர்கள் குற்றம்சாட்டினார்கள். கடற்படை மறுத்தது. அந்த வருஷம் ராமேஸ்வரத்திலிருந்து திருவிழாப் பயணம் ரத்தானது.

2024 பிப்ரவரியில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகு ஓட்டுநர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் எச்சரித்து விடுவித்து வந்ததால், இது மீனவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. வேலைநிறுத்தம் செய்தார்கள். திருவிழாவையும் புறக்கணித்தார்கள். பக்தர்களை ஏற்றிப் போகும் படகுகளே அவர்களுடையவை என்பதால், அவர்கள் போகவில்லை என்றால் யாரும் போக முடியாது.

கோவிலுக்குப் போகாமல் இருப்பது எப்படிப் போராட்டம் ஆகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கையில் இருக்கும் கடைசி உரிமையை வேண்டாம் என்று வைப்பதுதான் அது. வேண்டிக்கொள்ள ஆயிரம் இருக்கும் நேரத்தில், வேண்டுதலுக்குப் போகாமல் கரையிலேயே நின்றார்கள். அந்தோணியார் மேல் கோபம் இல்லை. 'அங்கே எங்கள் ஆட்கள் ஜெயிலில் இருக்கும்போது இங்கே நாங்கள் எப்படித் தேர் இழுப்பது' என்பதுதான் விஷயம். 2025 மார்ச்சில் படகுகள் மறுபடி கிளம்பின.

சண்டை யாருக்கும் யாருக்கும்?

இந்தப் பிரச்சனையில் அடிக்கடி விடுபடும் ஒரு தரப்பு உண்டு: யாழ்ப்பாணம், மன்னார் பகுதி மீனவர்கள். அவர்களும் தமிழர்கள். அவர்களிலும் கத்தோலிக்கர்கள் ஏராளம். போர்க்காலத்தில் பல வருஷம் கடலுக்கே போக முடியாமல் இருந்தவர்கள்.

அவர்கள் சொல்லும் குறை இதுதான். தமிழ்நாட்டு விசைப்படகுகள் பயன்படுத்தும் இழுவைமடி கடல் அடியைத் துடைத்து எடுத்துவிடுகிறது, மீன்குஞ்சும் மிஞ்சுவதில்லை, எங்கள் வலைகளையும் அறுத்துவிடுகிறது என்கிறார்கள். இலங்கை 2017-ல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. தமிழ்நாட்டு மீனவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கக் கடல் குறுகியது, ஆழம் குறைவு, படகுகளோ அதிகம். கடன் வாங்கிப் படகு விட்டவர் ஒரே நாளில் தொழிலை மாற்றிக்கொள்ள முடியாது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் 2017-ல் அரசால் தொடங்கப்பட்டாலும், பிரச்சனை தீரவில்லை.

ஆக, ஒரு வாரம் கடலில் வலைக்காக மோதிக்கொள்ளும் இரண்டு கரைக்காரர்கள், இந்த ஒரு ராத்திரி ஒரே மணலில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிறார்கள். ஒரே மொழியில் அதே செபத்தைச் சொல்கிறார்கள். பூசை நடுவில் 'சமாதானம்' சொல்லிப் பக்கத்தில் இருப்பவரை வணங்கும் சடங்கு ஒன்று உண்டு. எல்லாக் கோவிலிலும் நடப்பதுதான். ஆனால் இங்கே பக்கத்தில் நிற்பவர், வலை அறுந்து நஷ்டப்பட்டவராக இருக்கலாம். அல்லது படகு பறிபோனவராக இருக்கலாம்.

இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் இந்தத் திருவிழாவில் சந்தித்துப் பேசியதும் உண்டு. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கைதுகள் தொடர்கின்றன, இழுவைமடியும் தொடர்கிறது.

அப்படியானால் அங்கே போய் என்னதான் வேண்டுகிறார்கள்?

பெரிய அரசியல் வேண்டுதல் எதுவும் இருக்காது. கடற்படை கொண்டுபோன படகு திரும்பி வர வேண்டும். ஜெயிலில் இருக்கும் மகன் வெளியே வர வேண்டும். பெண் கல்யாணத்துக்கு முன்னால் கடன் அடைய வேண்டும். இந்த வருஷமாவது நல்ல பாடு கிடைக்க வேண்டும். கடலுக்குப் போய்க் காணாமல் போனவரைப் பற்றி ஏதாவது ஒரு தகவல் கிடைக்க வேண்டும்.

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புனிதரிடம், தொலைத்தவர்கள் போய் நிற்கிறார்கள். எல்லாம் கிடைத்துவிடும் என்று அவர்கள் நினைப்பதாகத் தெரியவில்லை. போன வருஷம் வேண்டியது கிடைக்காதவரும் இந்த வருஷம் பெயர் பதிவு செய்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் படகுகள் ராமேஸ்வரம் திரும்பும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த தொழில் நாளுக்கு டோக்கன் வாங்க வேண்டும். அதே படகில் மறுபடி வலை ஏறும், ஐஸ் ஏறும். துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது படகின் முகப்பில் இருக்கும் சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுநர் திசை திருப்புவார். எல்லைக்கோடு அங்கேயேதான் இருக்கும்.